தலைவர் வந்து பேர் வைக்கும்வரை

கடைமடை மக்கள் கழகம்
மாநிலப் பொதுச்செயலாளர் முகாம் அலுவலகம் (வீட்டுக் கூடம்)
நாகுடி வழி, அறந்தாங்கி வட்டம்
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை செம்மல் அவர்களுக்கு, மாமனார் பெரியண்ணன் கழக வணக்கம் கூறி எழுதும் மடல். சிங்கப்பூரில் தாங்கள் நல்ல உடம்போடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே தங்கள் மனைவி அன்புச்செல்வி சௌக்கியம், குழந்தை சௌக்கியம், தங்கள் மாமியார் பொன்னுத்தாய் சௌக்கியம், மாடு சௌக்கியம். கட்சியைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

சொந்த விஷயத்தைக் கட்சி லெட்டர்பேடில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற வெள்ளைத்தாள் இது ஒன்றுதான், பரணில் இன்னும் இரண்டு கட்டு கிடக்கிறது. இடதுபக்க ஓரத்தில் நிர்வாகிகளின் பெயர்கள் அச்சாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்திருப்பவர்கள் கட்சியை விட்டுப் போனவர்கள். இரண்டு கோடு போட்டிருந்தால், போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனவர்கள். புள்ளி வைத்திருப்பவர்கள் காலமாகிவிட்டார்கள், கடைசிவரை கட்சியில் இருந்தவர்கள் அவர்கள்தான். கோடும் புள்ளியும் இல்லாமல் மிச்சமிருப்பது தலைவர் நிலவழகன் பெயரும் என் பெயரும்.

வாட்ஸப்பில் பேசி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். பேசி அனுப்பினால் தாங்கள் ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பெருவிரல் சம்மதமா, கோபமா, 'பிறகு பார்க்கலாம்' என்று அர்த்தமா என்று நான் ராத்திரியெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் தாளில் எழுதி, திங்கட்கிழமை திருச்சியில் பிளேன் ஏறுகிற நம்ம ஊர் அருள்தாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனும் ஒரு காலத்தில் நம் மாணவரணிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தாங்கள் அனுப்பிய செய்தியை அன்புச்செல்வி எனக்கு வாசித்துக் காட்டினாள். "மாமா, பாப்பாவுக்குப் பேர் பதிஞ்சாத்தான் பாஸ்போர்ட் தருவாங்க. பாஸ்போர்ட் இருந்தாத்தான் ரெண்டு பேரையும் இங்கிட்டு கூட்டிக்க முடியும். கம்பெனில இந்த மாசக் கடைசிக்குள்ள கேக்குறாங்க, இத விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா, தயவு பண்ணி." கடைசி வரியை வாசித்ததும் என் மகள் போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மாமனாரிடம் 'தயவு பண்ணி' என்று கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை மூன்று வருஷமாகப் போனில் மட்டும் பார்க்கிற மனிதரின் கஷ்டம் தெரியாத கல்நெஞ்சக்காரன் அல்ல நான். ஆனால் என் கையும் காலும் ஒரு வாக்கில் கட்டப்பட்டிருக்கிறது. அது எப்படிக் கட்டப்பட்டது என்று ஆதியிலிருந்து சொன்னால்தான் தாங்கள் எனக்கு இன்னும் ஒரே ஒரு மாதம் தவணை கொடுப்பீர்கள்.

தாங்கள் இலுப்பூர்க்காரர். வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டலாம். எங்கள் கதை அப்படியல்ல. கல்லணையில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால்தான் கடைமடையான எங்களைப் பார்க்க வரும். நாங்கள் யாரைத் திட்டுவது? அந்தச் சமயத்தில்தான் நிலவழகன் ஒரு சைக்கிளில் மெகாபோனைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு வந்தார். "தலைமடைக்கு மூணு போகம், கடைமடைக்கு மூணு குடமா?" என்று அவர் கேட்டபோது, கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நான் எருமையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் போனவன். எருமை சாயங்காலம் தானாக வீட்டுக்கு வந்தது. நான் இன்னும் வரவில்லை என்று உங்கள் மாமியார் இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்.

அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் கட்சி வளர்ந்த வளர்ச்சியைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அறந்தாங்கியில் கூட்டம் போட்டால் டிராக்டர் நிறுத்த இடமிருக்காது. மேடைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள், தலைவர் கையால் பேர் வைத்துக்கொள்ள. வீட்டில் யாரும் பேர் வைக்காமல், பாப்பா, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். தலைவர் ஒரு கூட்டத்துக்கு ஒரு பெண் பேர்தான் யோசித்துக்கொண்டு வருவார், பேச்சைத் தயார் பண்ணவே அவருக்கு நேரமிருக்காது. அன்புச்செல்வி வரிசையில் இருந்த அன்றைக்கு ஏழு பெண் குழந்தைகள், ஏழு பேரும் அன்புச்செல்விதான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலு அன்புச்செல்வி உட்கார்ந்து வாத்தியாரைப் பைத்தியமாக்கினார்கள். ஆண் குழந்தை என்றால் பிரச்சினையில்லை, தன் பேரையே வைத்துவிடுவார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ நிலவழகன் இருக்கிறான், ஒருவன்கூடக் கட்சியில் இல்லை. எங்கள் தெரு நிலவழகன் எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர்.

அப்போதுதான் கட்டில் சின்னம் கிடைத்தது. மக்களுக்குச் சின்னத்தைக் காட்ட வேண்டுமே, கட்சியில் கட்டில் யாரிடம் இருக்கிறது என்று தேடி, கடைசியில் உங்கள் மாமியாருக்குச் சீராக வந்த தேக்குக் கட்டிலை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். தலைவர் டிராக்டர் பெட்டியில் அந்தக் கட்டிலின் மேல் நின்றுகொண்டே தொகுதி முழுக்கச் சுற்றினார். ஒரு திருப்பத்தில் கால் ஒடிந்தது, கட்டிலின் காலைச் சொல்கிறேன். அதை ஆணி அடித்துச் சேர்த்து மறுபடியும் நின்றார், ஜெயித்தார். கடைமடைக்கு ஒரு எம்எல்ஏ. அன்றைக்கு ராத்திரி அந்தக் கட்டிலை மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள். பொன்னுத்தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்கப்பா குடுத்த கட்டிலு ஊரு பூராத்தையும் பாத்துருச்சு, நாந்தான் ஒரு ஊரையும் பாக்கல" என்றாள். கொட்டுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு இறக்கம்தான், மாப்பிள்ளை. தலைவர் சென்னைக்குப் போனார். கூட்டணி என்றார்கள். முதலில் ஐந்து தொகுதி கொடுத்தார்கள், அடுத்த தேர்தலில் இந்தப் பக்கம் போனோம், இரண்டு கொடுத்தார்கள், பிறகு அந்தப் பக்கம் போனோம், ஒன்று கொடுத்தார்கள், அதற்குப் பிறகு தொகுதி இல்லை, பிரச்சாரத்துக்கு மேடையில் இடம் உண்டு என்றார்கள். போன தடவை ஆதரவுக் கடிதத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஒரு தேர்தலில் கட்டில் போய் டூத் பிரஷ் சின்னம் வந்தது. எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய் டூத் பிரஷ்ஷைக் காட்டினால், "ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் தருவீங்களா?" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓட்டுப் போடும்போது பழக்கத்தில் கட்டிலைத் தேடிக் குத்திவிட்டார்கள். கட்டில் சின்னத்தில் யாரோ ஊர் பேர் தெரியாத சுயேச்சை நின்றிருந்தார், எங்களைப்போல் நாலு மடங்கு ஓட்டு அவருக்கு. மனிதர் நல்ல மனிதர், வீடு தேடி வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கட்சி இறங்க இறங்க நான் ஏறினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பதவி ஆசையில் இருந்தேன் என்று யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது. கிளைச் செயலாளராக இருந்தவன், ஒன்றியச் செயலாளர் கட்சி மாறியதும் ஒன்றியமானேன். மாவட்டம் மாறியதும் மாவட்டமானேன். இப்படி மேலே இருப்பவர் போகப் போக நான் ஒரு படி, ஒரு படி என்று ஏறி இன்றைக்கு மாநிலப் பொதுச்செயலாளர். மாநிலப் பொருளாளர் நம்ம ஊர் பிச்சை, லெட்டர்பேட் அச்சடித்த பிறகு பொறுப்புக்கு வந்தவர், அதனால் ஓரத்தில் அவர் பேர் இருக்காது. மாநிலச் செயற்குழு நாகுடி டீக்கடை பெஞ்சில் கூடுகிறது, எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கிறோம். கோர்ட்டு உத்தரவு என்று சொல்லி எல்லாக் கட்சிக் கொடிக்கம்பத்தையும் எடுத்தபோது, நம் கம்பத்தை எடுக்கக்கூட ஆள் வரவில்லை. நானும் பிச்சையும் பிடுங்கித் தூக்கி வந்தோம். இப்போது கொல்லையில் பீர்க்கங்கொடி அதில் படர்ந்திருக்கிறது. நல்ல காய்ப்பு.

இப்போது உங்கள் கல்யாணத்துக்கு வருகிறேன். தாலி எடுத்துக் கொடுக்கத் தலைவர் வருகிறேன் என்றிருந்தார். முகூர்த்தம் நெருங்குகிறது, தலைவரைக் காணோம். ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன். உங்கள் சொந்தக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது உங்கள் தாயார், காலஞ்சென்ற சம்பந்தியம்மா திலகவதி, சர்க்கரை வியாதிக்காரர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர், "நேரமானா ஆகட்டும். சம்பந்தி மனசு நோகக் கூடாது" என்று எல்லாரையும் அடக்கினார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு என்ன செய்தேன் என்று இன்றைக்குவரை யோசித்தும் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தலைவர் கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்து, தாலியைக் கொடுத்து, மைக்கைப் பிடித்து, "இந்த மணமக்களுக்குப் பிறக்கும் முதல் குழந்தைக்கு நான்தான் பெயர் சூட்டுவேன். அதுவரை வேறு யாரும் சூட்டக் கூடாது. இது அன்புக் கட்டளை" என்று அறிவித்தார். முதலில் கைதட்டியவன் நான். அந்தக் கைதட்டல்தான் மாப்பிள்ளை நான் சொல்கிற கட்டு.

குழந்தை பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பே சம்பந்தியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பேத்தி முகம் பார்க்காமல் போனார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. முப்பதாம் நாள் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அன்றைக்குச் செயற்குழு. "பேர் கீர் வச்சுராதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அன்றிலிருந்து நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம், தலைவர் இந்த மாவட்டத்தில் கால் வைத்த இடமெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். முதலில் உங்கள் இலுப்பூர்க் கூட்டம். தலைவருக்குத் தொண்டை கட்டி, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மேடையில் கையை மட்டும் ஆட்டினார். பேரைத் தாளில் எழுதிக் காட்டலாமே என்று காதில் சொன்னேன். எழுதிக் காட்டினால் தொண்டை போன விஷயம் எதிர்க்கட்சிக்குத் தெரிந்துவிடும் என்று சைகையில் சொன்னார். அதைப் புரிந்துகொள்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

அடுத்தது கீரமங்கலம். அப்போது மாவட்டச் செயலாளர் ஆண்டியப்பன். மேடை, மைக்செட், நாற்காலி, நூறு ஆட்கள் எல்லாம் அவர் ஏற்பாடு. நான் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டித் தூக்கிக்கொண்டு போனால், மேடையில் வேறு கொடி பறக்கிறது. அன்று காலையில்தான் ஆண்டியப்பன் மேடை, மைக்செட், நாற்காலி, ஆட்கள் சகிதமாகக் கட்சி மாறியிருக்கிறார். தலைவரின் கார் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. "பெரியண்ணே, வாங்க, புள்ளைய இங்கிட்டு குடுங்க" என்று ஆண்டியப்பன் குழந்தையைப் பிடுங்கி அவர்கள் மாவட்டப் பொறுப்பாளர் மடியில் வைத்துவிட்டார். அந்த மனிதரும் மைக்கைக் கிட்டே இழுத்துவிட்டார். ஒரு நொடி தாமதித்திருந்தால் நம் பாப்பா மாற்றுக் கட்சிக்காரர் வாயால் பேர் வாங்கியிருப்பாள். மேடையில் ஏறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பின்னால் நாலைந்து பேர் பிள்ளை பிடிக்கிறவன் என்று துரத்தினார்கள். பாவாடையில் ஒரு ஓரம் அங்கேயே கிழிந்து போனது.

பிறகு கோட்டைப்பட்டினம். பிடித்துக்கொண்டு போன மீனவர்களை விடச்சொல்லி உண்ணாவிரதம். பந்தலில் தலைவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று சர்க்கரைத் தண்ணீரும் கிண்ணமுமாகப் போனேன். பேர் வைத்தால் குழந்தை நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்க வேண்டுமல்லவா? உண்ணாவிரதப் பந்தலுக்குள் சர்க்கரைத் தண்ணீர் வந்ததைப் போட்டோ எடுத்துப் போட்டால் மற்ற கட்சிக்காரர்கள் நாறடித்துவிடுவார்கள் என்று என்னைப் பந்தலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், "புள்ள வெயில்ல காயுது, ஒங்க கட்சிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று நிழலில் உட்காரவைத்து அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்தார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது முதல் தடவையாக எனக்கே ஒரு மாதிரி இருந்தது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். இவளை என்னவென்று சொல்லி எழுப்புவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது, உங்களிடம் மறைப்பதற்கில்லை. குழந்தைக்குக் காது மந்தமோ என்று எனக்குச் சந்தேகம். "பாப்பா, பாப்பா" என்று நான் வாசலிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தன்பாட்டுக்கு மண்ணை அள்ளி விளையாடிக்கொண்டிருப்பாள். பயந்துபோய்ப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காது டாக்டரிடம் காட்டினேன். அவர் மணி அடித்துப் பார்த்தார், மெஷின் வைத்துப் பார்த்தார், "காது தங்கமா இருக்கு. இவளுக்கு ஒங்களக் கேக்குது, கேட்டுட்டு சும்மா இருக்கா" என்றார். அப்படியானால் பிடிவாதமா, என் மேல் பாசம் இல்லையா என்று அதற்கொரு வேதனை. வீட்டிலும் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் போனில் வரும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் உள்ளே போனால் அடங்கிவிடும். கட்சியைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் கொல்லைப்புறமாக வந்து பீர்க்கங்கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பேர் வைக்காமல் இழுத்தடிப்பது வீம்புக்கு அல்ல. முப்பது வருஷம் அந்த மனிதர் பின்னால் போயிருக்கிறேன். தண்ணீர் வரவில்லை, பதவி வந்து பிரயோஜனமில்லை, ஜெயித்த கட்டில் ஆணி அடித்த காலோடு கூடத்தில் கிடக்கிறது. அவர் எனக்குச் சொன்னதில் இன்னும் பொய்யாகாமல் மிச்சமிருப்பது, உன் பேத்திக்கு நான் பேர் வைப்பேன் என்ற ஒரு சொல்தான். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டால், எருமையை விட்டுவிட்டுப் போன அந்த நாளிலிருந்து நான் எதற்காகப் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. போன மாதம் போன் போட்டேன், "அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன் பெரியண்ணே" என்றார். ஆகையால் மாப்பிள்ளை, ஒரே ஒரு மாதம். கம்பெனிக்காரர்களிடம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், பொய்யாக இருக்காது.

தங்கள் கைப்பொருளும் கால்நடையும் பெருகி, குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து, நீடூழி வாழ வாழ்த்துகிறேன். மாமியார் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பீர்க்கங்காய் கொஞ்சம் அருள்தாஸிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டாள், பிளேனில் ஏற்ற மாட்டார்கள் என்று நான்தான் தடுத்துவிட்டேன்.

இங்ஙனம்,
பெரியண்ணன்,
மாநிலப் பொதுச்செயலாளர்

பின்குறிப்பு (ஞாயிறு சாயங்காலம்): மாப்பிள்ளை, மேலே கேட்ட ஒரு மாதத் தவணை வேண்டாம். தலைவர் வந்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் பிச்சையின் டிவிஎஸ் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு பெரியவர் தோள்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்டுக் கணக்கு எடுக்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டபோதுதான் தலைவர் என்று தெரிந்தது. பக்கத்து ஊரில் பழைய ஆள் ஒருவர் தவறிவிட்டார், துக்கத்துக்கு வந்தவருக்குத் திரும்ப பஸ் இல்லையாம், பிச்சை இங்கே கூட்டி வந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கட்டிலில் உட்காரவைத்தேன். கட்டில் காலைத் தடவிப் பார்த்து, "இது நம்ம கட்டிலுல்ல" என்றார். நான் உள்ளே ஓடிச் சர்க்கரையைத் தேடினேன், அன்புச்செல்வியிடம் குழந்தைக்கு அந்தப் பட்டுப்பாவாடையைக் கட்டச் சொன்னேன். தலைவருக்கு நான் எதற்கு இந்த ஓட்டம் ஓடுகிறேன் என்று புரிந்த மாதிரி தெரியவில்லை. குழந்தையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "ஒம் பேரு என்ன ஆத்தா?" என்றார்.

"திலகவதி" என்றாள். "யாரு மக?" என்றார். "செம்மல் மக."

பொன்னுத்தாய் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். அன்புச்செல்வி தரையைப் பார்த்தாள். பிச்சை, வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார். பிச்சைக்கும் தெரியும், மாப்பிள்ளை. அங்கன்வாடிக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். முப்பதாம் நாள் கோயிலில் வைத்தே காதில் சொல்லிவிட்டார்களாம். தலைவர் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் என்ன பேச வேண்டும் என்று தெரிகிற மனிதர் அல்லவா. எழுந்து நின்று துண்டைச் சரிசெய்து, அந்தப் பழைய குரலில், "கடைமடை மக்கள் கழகத்தின் தலைவர் என்ற முறையில், இந்தக் குழந்தைக்குத் திலகவதி என்று பெயர் சூட்டுகிறேன்" என்றார். நான் கைதட்டினேன். வெளியே இருந்து பிச்சையும் தட்டினார்.

"அதான் எம் பேரு" என்றாள் குழந்தை.

தலைவர் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலிலேயே படுத்துத் தூங்கினார். அந்த நேரத்தில் பொன்னுத்தாயிடம், என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாங்க சொல்லிப்புடலாம்னுதான் சொன்னோம். மாப்பிள்ளதான், மாமா மனசு நோகக் கூடாது, அவரு வாயால சரின்னு சொல்லட்டும், அதுவரைக்கும் எங்கிட்டும் பதிய வேண்டாம்னுட்டாரு" என்றாள். அந்த வார்த்தையை நான் முன்பு ஒரு தடவை, ஒரு கல்யாணப் பந்தலில் கேட்டிருக்கிறேன். பெற்ற தாயின் பேரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதை மாமனார் முன்னால் வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் மூன்று வருஷம் இருந்திருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அழுகையும் வந்தது, பீர்க்கங்கொடிப் பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் தலைவரை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். "யாரு பேரு பெரியண்ணே அது?" என்று கேட்டார். "எங்க சம்பந்தியம்மா பேருங்க. நம்ம செல்வி கல்யாணத்துல ஒங்களுக்காகப் பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருந்தாங்களே" என்றேன். பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்யாணம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது அவருக்கு.

நாளைக்கு அருள்தாஸை வழியனுப்பிவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போய்ப் பேர் பதிந்துவிடுகிறோம், அன்புச்செல்வி எல்லாத் தாளையும் எடுத்து வைத்துவிட்டாள். இந்தத் தாளின் ஓரத்தில் என் பேருக்கும் இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோணலாக இருக்கும், தப்பாக நினைக்க வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வரும்போது பிள்ளை வாசலில் மண்ணை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் நின்றே, அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை, "திலகவதி" என்று கூப்பிட்டேன். முதல் தடவை கூப்பிட்டதுமே திரும்பிப் பார்த்தாள். காது நன்றாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை.